கிறிஸ்து ஏற்கெனவே அரசர்தானே, வீட்டில் அவரை அரியணை ஏற்றுவது ஏன்?

கேட்டவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற கத்தோலிக்கரல்லாத சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்க நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, பங்குத் தந்தை வந்து இயேசுவின் திரு இருதயப் படத்தை (இருதயம் வெளியே தெரியும்படி வரைந்த இயேசு படம்) மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்து, ஹாலில் வைத்ததைப் பார்த்திருக்கிறார். 'அரியணை ஏற்றுதல்' என்று சொன்னார்களாம். "தந்தையின் வலப்பக்கம் ஏற்கெனவே வீற்றிருக்கிறவரை மனிதர்கள் எப்படி அரியணை ஏற்ற முடியும்? படம் மாட்டுவதற்கு இவ்வளவு பெரிய பெயரா?" என்பது அவர் கேள்வி.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். இந்தப் பக்தியோடு வளர்ந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாவீதை எடுத்துக்கொள்ளுங்கள். பெத்லகேமில் சாமுவேல் அவர் தலையில் எண்ணெய் வார்த்த அன்றே கடவுளுக்கு முன் அவர் அரசர். ஆனால் யூதா குலத்தார் எபிரோனில் அவரை அரசராக ஏற்றது அதுவரை ஆண்ட அரசர் சவுல் இறந்த பிறகுதான். மற்றக் குலங்கள் வந்து சேர மேலும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எபிரோனுக்கு வந்த பெரியவர்கள் தாவீதுக்குப் புதிதாக எந்த உரிமையையும் வழங்கவில்லை. அவருக்கு இருந்த உரிமைக்குத் தாங்கள் கட்டுப்படுவதாக உடன்படிக்கை செய்தார்கள். ஒரு குடும்பத்துக்கு எபிரோனில் நடந்தது போன்ற நாள்தான் இந்தச் சடங்கு நடக்கும் நாள்.

இதே ஐயத்துக்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு பதில் வந்திருக்கிறது. 1899இல் திருத்தந்தை 13ஆம் லியோ மனுக்குலம் முழுவதையும் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தபோது வெளியிட்ட மடலில், எல்லாம் ஏற்கெனவே கிறிஸ்துவுக்குச் சொந்தமானவைதான், ஆனாலும் நம்முடையவை போல நாம் அவற்றை மனமுவந்து கொடுப்பதை அவர் விரும்பிக் கேட்கிறார் என்ற கருத்தை எழுதினார். அன்பில் உரிமை மட்டும் போதாது, சம்மதமும் வேண்டும் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

வீடுகளில் அரியணை ஏற்றும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர் மத்தேயோ கிராலி என்ற குரு. 1875இல் பெரு நாட்டில் பிறந்தவர், சிலியின் வால்பரைசோ நகரில் பணியாற்றினார். 1906 ஆகஸ்டில் அந்த நகரைப் பெரும் நிலநடுக்கம் குலைத்துப்போட்டது. பிறகு உடல்நலம் கெட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1907 ஆகஸ்டில் பிரான்சில் பரே-லெ-மோனியல் சிற்றாலயத்தில், அதாவது 1670களில் புனித மார்கரீத்து மரியாள் என்ற கன்னியாஸ்திரிக்கு இயேசு தம் இருதயத்தைக் காட்டிய இடத்தில், செபித்தபோது குணமடைந்ததாகவும், இந்தப் பணி அங்கேயே தம் மனதில் உதித்ததாகவும் அவர் சொன்னார். திருத்தந்தை 10ஆம் பயஸ் அவருக்கு ஊக்கம் கொடுத்தார். 1915இல் அடுத்த திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் மடல் எழுதி இதைப் பாராட்டினார்.

பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டம் வந்தது 1905இல். நீதிமன்றங்களிலிருந்து சிலுவைகளை இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. பொது வாழ்விலிருந்து வெளியேற்றப்பட்ட அரசரை ஒவ்வொரு வீடாக உள்ளே அழைப்போம், குடும்பங்கள் மாறினால் சமூகம் மாறும் என்பது மத்தேயோவின் வழி. மார்த்தாவும் மரியாவும் லாசரும் இயேசுவை வரவேற்ற பெத்தானியாவைப் போல ஒவ்வொரு வீடும் ஆக வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

சடங்கு சிறியதுதான். குரு படத்தை மந்திரிப்பார். குடும்பத் தலைவர் அதை எடுத்து, வீட்டின் முக்கியமான இடத்தில் வைப்பார். படுக்கையறையில் வைப்பதில்லை. வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் இடத்தில், குடும்பம் கூடிப் பேசும் இடத்தில்தான் அரசர் இருக்க வேண்டும். எல்லோரும் எழுந்து நின்று, தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். பிறகு குடும்பத்தை ஒப்புக்கொடுக்கும் செபம். அடுத்து, அங்கே இல்லாதவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் (இயேசு கற்றுக்கொடுத்த செபம்), ஒரு அருள் நிறை மந்திரம் (மரியாளை நோக்கிய செபம்). கடைசியில் ஓர் அத்தாட்சித் தாளில் எல்லோரும் கையெழுத்து.

எங்கள் வீட்டில் இது நடந்தபோது, 'இல்லாதவர்கள்' என்ற இடத்தில் துபாயில் வேலை பார்த்த அண்ணன் பெயரைச் சொன்னோம், இறந்துபோன தாத்தா பெயரைச் சொன்னோம். பாட்டி குறுக்கிட்டு, "சாமி, எந் தம்பி பேரையும் சேத்துக்கிடுங்க" என்றாள். நிலத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த தம்பி. அப்பா முகம் இறுகிவிட்டது. சாமியார் எதுவும் விசாரிக்காமல் அந்தப் பெயரையும் சொல்லிச் செபித்தார். அத்தாட்சித் தாளில் பாட்டி பெருவிரல் ரேகை வைத்தாள். தகராறு உடனே தீர்ந்துவிடவில்லை, வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஹாலில் உட்கார்ந்து அவரைத் திட்ட யாருக்கும் நாக்கு எழவில்லை.

பெயர் பெரியது என்று நீங்கள் சொன்னதற்கு என் பதிலும் அதுதான். அரியணை என்றால் தீர்ப்புச் சொல்கிற இடம். கல்யாணப் பேச்சில் வரதட்சணை கேட்கலாமா, அண்ணன் தம்பி பாகத்தில் யாருக்கு எவ்வளவு, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு என்ன சம்பளம் என்பதையெல்லாம் அவர் முன்னால்தான் பேசியாக வேண்டும். படத்தைச் சுற்றி சீரியல் பல்பு எரியவிட்டு, வேலைக்காரியின் கூலியைப் பிடித்து வைக்கிற வீடுகளும் உண்டு. அங்கே படம் இருக்கிறது, அரசர் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

படத்தையும் ஒரு முறை நெருங்கிப் பாருங்கள். இருதயத்தைச் சுற்றி முள்முடி. பக்கத்தில் ஈட்டி குத்திய காயம். மேலே சிலுவையும் சுடரும். மகுடமும் செங்கோலும் ஏந்திய ஓர் அரசரிடம் என் குடும்பத்தின் கடைசிச் சொல்லை ஒப்படைக்க எனக்குப் பயம். காயப்பட்ட இருதயத்தைத் திறந்து காட்டுகிறவரிடம் அந்தப் பயம் இல்லை. இரக்கம் பெறுவதற்காக அருளின் அரியணையைத் துணிவோடு அணுகுங்கள் என்று எபிரெயர் திருமுகம் நான்காம் அதிகாரம் சொல்வதும் இந்த அரியணையைத்தான். படத்தை வணங்குகிறீர்களா என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். இல்லை, வணக்கம் படத்தில் இருப்பவருக்கு.

உங்கள் நண்பர் வீட்டில் ஆண்டுதோறும் அதே நாளில் ஒப்புக்கொடுத்தலைப் புதுப்பிப்பார்கள். கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். விசுவாசப் பிரமாணம் உங்கள் ஆராதனையிலும் உண்டு, எழுந்து நின்று அவர்களோடு சேர்ந்தே சொல்லலாம். ஒப்புக்கொடுக்கும் செபத்தில் தயக்கம் இருந்தால் அந்த நேரம் பேசாமல் நின்றாலே போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.