முன்னுரைக்குள் நுழைந்த சுருட்டைத் தாடிக்காரன்

கேள்வி: காஞ்சிபுரத்திலிருந்து சென்ற போதிதர்மர்தான் சீனர்களுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்பது ஊரறிந்த செய்தி. சென்ற இதழில் நீங்கள் அதை ‘ஆதாரமற்ற கதை’ என்று எழுதியிருந்தீர்கள். நம் பெருமையைப் பொறுக்காத வெளிநாட்டு ஆய்வாளர்களின் பேச்சுக்கு நீங்களும் தலையாட்டலாமா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: நவீன காலத்தில் அந்தக் கதையை ஆதாரங்களோடு மறுத்தவர் நம்மீது பொறாமை கொண்ட அந்நியர் அல்லர், அந்தக் கலையிலேயே ஊறிய ஒரு சீனர். டாங் ஹாவ் என்பது அவர் பெயர். ஷாங்காயில் இளமையிலேயே சண்டைக் கலை பயின்றவர். ஜப்பானுக்குச் சென்று சட்டம் படித்து, அங்கே ஜூடோவும் பழகித் திரும்பியவர். வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். தற்காப்புக் கலைகளை வளர்ப்பதற்காக 1928இல் நான்ஜிங்கில் அரசு ஆதரவுடன் தொடங்கப்பட்ட மத்திய நிறுவனத்தில் பதிப்புப் பிரிவின் பொறுப்பை ஏற்றபோது, அந்தக் கலைகளின் வரலாற்றையும் ஆராயத் தொடங்கினார். 1930இல் அந்த நிறுவனமே வெளியிட்ட அவருடைய நூல், ஷாவ்லின் என்ற சீனப் பௌத்த மடத்தின் சண்டைமுறையைத் தோற்றுவித்தவர் போதிதர்மர் என்ற நம்பிக்கையையும், தாய்ச்சி என்ற மற்றொரு சீனச் சண்டைமுறையைத் தோற்றுவித்தவர் ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி என்ற நம்பிக்கையையும் ஒருசேர மறுத்தது. இந்தியரை இறக்கிவிட்டுச் சீனரை மட்டும் பீடத்தில் வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இதற்காக அவரை அடித்து நொறுக்கவே அக்காலப் பயில்வான்கள் சிலர் திட்டமிட்டார்கள் என்றும், மூத்த ஆசிரியர்கள் குறுக்கிட்டுத் தடுத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

போதிதர்மரைச் சண்டைப் பயிற்சியோடு இணைக்கும் முதன்மையான ஆவணம் ‘யி ஜின் ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல். அதன் முன்னுரை, டாங் பேரரசின் புகழ்பெற்ற தளபதி லி ஜிங் 628ஆம் ஆண்டில் எழுதியது என்று சொல்லிக்கொள்கிறது. இந்த நூல் தம் கைக்கு வந்த வழியையும் அந்தத் ‘தளபதி’ விவரிக்கிறார்: ‘சுருட்டைத் தாடிக்காரன்’ என்னும் வீரனிடமிருந்து தாம் பெற்றதாகச் சொல்கிறார். அந்தச் சுருட்டைத் தாடிக்காரனோ, லி ஜிங் காலத்துக்கு வெகு பின்னால் எழுதப்பட்ட ஒரு கதையின் பாத்திரம். கற்பனைப் பாத்திரம் ஒன்றிடமிருந்து உண்மையான தளபதி சுவடி வாங்கியதாக எழுதியவர், வரலாற்றைக் கதைகளின் வழியே மட்டும் அறிந்த ஒருவராகத்தான் இருக்க முடியும். 18ஆம் நூற்றாண்டிலேயே லிங் டிங்கான் என்ற சீன அறிஞர் இந்த மோசடியைச் சுட்டிக்காட்டிவிட்டார். இந்த நூலின் மிகப் பழைய பிரதியில் உள்ள பின்னுரை 1624ஆம் ஆண்டைக் குறிக்கிறது. போதிதர்மர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

போதிதர்மரைப் பற்றிய பழைய குறிப்புகளும் சீனத்தில் இருக்கின்றன. சுமார் 547இல் எழுதப்பட்ட லுவோயாங் மடாலயங்களைப் பற்றிய நூல் அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. ஏழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்தியர் என்கிறது. தியானத்தைப் பற்றியும் உபதேசத்தைப் பற்றியும் பேசும் இந்தப் பதிவுகளில் சண்டைப் பயிற்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னும் வலுவான சான்று ஷாவ்லினுக்குள்ளேயே கிடைக்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் அந்த மடத்தில் தங்கிக் கோல் சண்டையைக் கற்ற செங் சோங்யோ என்பவர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஒரு பயிற்சி நூல் எழுதினார். தங்கள் கோல்முறையைத் தந்தவர் என்று துறவிகள் அவரிடம் சொன்னது போதிதர்மரை அன்று, இந்தியப் புராணங்களில் வரும் தேவகணத்தவரான கின்னரரை. மடத்தின் சமையலறையில் வேலை செய்த எளிய ஆள் ஒருவர், கலகக்காரர்கள் முற்றுகையிட்டபோது அடுப்பு கிளறும் கோலை எடுத்துக்கொண்டு பேருருவம் கொண்டு நின்று அவர்களை விரட்டினார் என்றும், அவர் கின்னரரே என்றும் அவர்கள் நம்பினார்கள். இதுவும் புராணம்தான். ஆனால் கோல் ஏந்திய துறவிகளுக்கே அந்த நாளில் போதிதர்மரைக் குருவாகச் சொல்லத் தோன்றவில்லை என்பது நம் கேள்விக்கு நேரடியான பதில். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சென்ற கின்னரரை அவர்கள் அடுப்படியில் வைத்துப் போற்றியதைப் பற்றி நம்மில் எவரும் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

டாங் ஹாவ் மறுப்போடு நின்றுவிடவில்லை. ஹெனான் மாநிலத்தின் வென் வட்டத்திலுள்ள சென் குலத்தாரின் கிராமத்துக்கே சென்று குலமரபு ஏடுகளைப் படித்தார். மிங் பேரரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த சென் வாங்டிங் என்ற முன்னோரின் பெயரருகே, குடும்பத்தின் கைச்சண்டை, வாள், ஈட்டி முறைகளைத் தோற்றுவித்தவர் என்று எழுதப்பட்டிருந்த குறிப்பை எடுத்துக்காட்டி, தாய்ச்சி அங்கே பிறந்தது என்றார். அந்த முடிவையும் எல்லோரும் ஏற்றுவிடவில்லை. சூ ஜென் என்ற அறிஞர் 1930களிலேயே அதை எதிர்த்து எழுதினார். இருவரும் ஏடுகளை வைத்துத்தான் வாதிட்டார்கள். 1983 முதல் 1986 வரை சீன அரசு நாடெங்கும் ஆட்களை அனுப்பி, முதிய ஆசிரியர்களைச் சந்தித்து 129 சண்டை மரபுகளைப் பதிவு செய்தபோது, அந்தப் பணிக்கு முன்னோடியாக இருந்தவை டாங் ஹாவ் போன்றவர்களின் களப்பயணங்களே.

நீங்கள் குறிப்பிடும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தச் சீன அறிஞர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். அந்த அறிஞர்கள் திறந்த ஏடுகளையே மீண்டும் திறந்து பார்த்தவர்கள். போதிதர்மர் தென்னிந்தியர் என்ற பழைய குறிப்பை நான் மறுக்கவில்லை. அவர் பெயரால் ஜென் பௌத்தம் கிழக்காசியாவெங்கும் பரவியது நாம் பெருமைப்படத்தக்க வரலாறு. அவர் காஞ்சியில் சண்டைக் கலை கற்று அதைச் சீனருக்குத் தந்தார் என்று சொல்லும் பழைய கல்வெட்டோ, ஓலைச்சுவடியோ, சீன ஏடோ தங்களிடம் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில், முழுமையாக, தங்கள் பெயருடன் வெளியிடுகிறேன்.

– ஆசிரியர்