மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி போர்தோ: விற்கவா, வைக்கவா, குடிக்கவா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். என் பழைய முதலாளி ஓய்வு பெற்றபோது ‘லியோவில் பார்ட்டன் 2000’ என்ற பிரெஞ்சு சிவப்பு வைன் 12 பாட்டில்களை மரப்பெட்டியோடு அன்பளிப்பாகத் தந்தார். சில ஆண்டுகளாக அது எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் வைத்திருந்தால் விலை ஏறுமா? இதற்கிடையே ஒரு நிறுவனம் அடிக்கடி போனில் அழைத்து, 15,000 பவுண்டு போட்டால் நல்ல பழைய வைன்களாக வாங்கித் தருவதாகவும், நஷ்டமே வராது என்றும் சொல்கிறது. போடலாமா?

பதில்: போட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் கையில் இருக்கும் பெட்டியைப் பார்ப்போம்.

உங்கள் முதலாளி ரசனை உள்ளவர். பிரான்சின் வைன் வட்டாரமான போர்தோவில், சென் ஜூலியன் பகுதியைச் சேர்ந்த தோட்டம் இது. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போட்ட தரவரிசையில் இரண்டாம் வரிசையில் இடம்பெற்றது. அயர்லாந்திலிருந்து வந்த பார்ட்டன் குடும்பத்தின் கையில் 1826 முதல் இன்றுவரை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு போர்தோவுக்கு நல்ல அறுவடை.

ஆனால் முதலீட்டுக் கண்ணோடு பார்த்தால் ஒரு சிக்கல் உண்டு. 2022இல் காலமான ஆன்டனி பார்ட்டன், மற்ற தோட்டங்கள் விலையைத் தாறுமாறாக ஏற்றியபோதும் நிதானமாகவே விலை வைத்தவர் என்று பெயர் வாங்கியவர். குடிப்பவர்கள் இந்த வைனைக் கொண்டாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பெரும் பணக்காரர்கள் அந்தஸ்துக்காக ஏலத்தில் போட்டி போடும் பெயர்களோ வேறு: போர்தோவின் லஃபீத், லத்தூர், பிரான்சின் இன்னொரு வைன் வட்டாரமான பர்கண்டியின் ரொமானே கொந்தி. 2018 அக்டோபரில் நியூயார்க்கில் 1945 அறுவடையின் ஒரே ஒரு ரொமானே கொந்தி பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. 1945இல் மொத்தம் 600 பாட்டில்தான் தயாரானது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உங்கள் பெட்டியைப் பார்க்காதீர்கள்.

பெரிய சிக்கல் பாய்லர்தான். நல்ல வைன் 12, 13 டிகிரியில், இருட்டில், ஈரப்பதத்தோடு, படுத்த நிலையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் முதலீட்டு வைன்கள் சுங்கக் கிடங்கில், ‘இன் பாண்ட்’ நிலையில் இருக்கும். அங்கிருந்து எடுக்கும்வரை மதுவரியும் 20 சதவீத வாட்டும் கட்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், பெட்டி எந்தத் தேதியிலிருந்து எங்கே இருந்தது என்பதற்கு அங்கே பதிவு இருக்கும். வாங்குபவர் அந்தப் பதிவுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். ஒருமுறை வரி கட்டி வீட்டுக்கு வந்த பெட்டி மறுபடி அந்த நிலைக்குத் திரும்பாது. உங்களுடையது அப்படி வந்ததுதான்.

விற்கவே முடியாது என்றில்லை. மரப்பெட்டியின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலிலும் வைன் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். கழுத்துக்குள் இருந்தால் நல்லது. தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, கார்க் மேலே தள்ளியிருந்தாலோ, கார்க்கின் மேலுள்ள உறை ஒட்டும்படி கசிந்திருந்தாலோ வெப்பம் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். நிலை நன்றாக இருந்தால் புகைப்படம் எடுத்து ஏல நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பாய்லரைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். நீங்களே இணையத்தில் விளம்பரம் போட்டு விற்காதீர்கள், உரிமம் இல்லாமல் மது விற்பது இங்கே குற்றம். ஆதாய வரியைப் பற்றிக் கவலை வேண்டாம்: 6,000 பவுண்டுக்குள் விற்கும் இத்தகைய பொருளுக்கு அந்த வரி இல்லை, இந்தப் பெட்டி அந்த எல்லையைத் தொடாது.

இன்னும் வைத்திருப்பதில் பலன் இல்லை. வைன் வட்டி தராது, டிவிடெண்ட் தராது. தொழில்முறைக் கிடங்கில் வைத்தால் ஆண்டுதோறும் வாடகையும் காப்பீடும் போகும், விற்கும்போது தரகும் போகும். அதோடு இந்தச் சொத்துக்கு வயது உண்டு. குடிக்கும் பருவம் கடந்துவிட்டது என்று சந்தை நினைத்த நாளிலிருந்து வாங்குபவர் குறைவார். 2000 அறுவடை இப்போது குடிக்கும் பருவத்தில் இருக்கிறது.

அதனால் என் யோசனை: உங்கள் வீட்டில் வைன் குடிக்கும் பழக்கம் இருந்தால் குடியுங்கள். இல்லாவிட்டால் இப்போதே ஏலத்துக்கு அனுப்புங்கள். குடிப்பதாக இருந்தால், திறப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். கால் நூற்றாண்டுப் பழசான கார்க் பொடியலாம், அவசரப்படாமல் எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக வேறு குடுவையில் ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். இளம் வயதில் நாக்கைப் பிடித்த துவர்ப்பு இப்போது வழவழப்பாகியிருக்கும். தேவதாரு மரம், புகையிலை, சீவிய பென்சில் என்று வாசனை வரும். மட்டன் சுக்காவோடு மட்டும் வேண்டாம், மிளகாய்க் காரம் இவ்வளவையும் அடித்துப் போட்டுவிடும். காரமில்லாமல் அடுப்பில் வாட்டிய ஆட்டுக்கறி போதும்.

இனி போன் ஆசாமி. ‘நஷ்டமே வராது’ என்கிறாரே, ஹாங்காங் 2008இல் வைன் வரியை நீக்கிய பிறகு சீனப் பணம் போர்தோவில் கொட்டியது. லஃபீத் தன் 2008 பாட்டிலில் சீனர்கள் ராசியாக நினைக்கும் எட்டைச் சீன எழுத்தில் பொறித்ததும் அதன் விலை எகிறியது. 2011 நடுவில் அந்த அலை திரும்பி, உச்சத்தில் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். லண்டன் வைன் சந்தையான லிவ்-எக்ஸின் 100 வைன் குறியீடு 2022 செப்டம்பரில் உச்சம் தொட்டு, 2024 முடிவதற்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. போலிகள் வேறு: ரூடி குர்னியாவன் தன் வீட்டிலேயே மலிவான வைன்களைக் கலந்து அரிய பர்கண்டி என்று லேபிள் ஒட்டி விற்று, 2014இல் நியூயார்க்கில் 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஏமாந்தவர்கள் வைன் தெரிந்த கோடீஸ்வரர்கள்.

வைன் முதலீட்டை நிதி ஒழுங்காணையமான எஃப்.சி.ஏ. கண்காணிப்பதில்லை. நிறுவனம் மூழ்கினால் இழப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்காது. வைனைச் சந்தை விலையைவிடப் பல மடங்கு கூட்டி விற்பது, வாங்காத பெட்டிக்குச் சான்றிதழ் மட்டும் தருவது என்று இந்தத் தொழிலில் பழைய தந்திரங்கள் நிறைய. நல்ல வியாபாரிகளும் இருக்கிறார்கள், அவர்கள் இப்படி விடாமல் போன் போட்டு நச்சரிப்பதில்லை.

உங்களிடம் 15,000 பவுண்டு சும்மா இருந்தால், ஆறு மாதச் செலவுக்கு ஒதுக்கியது போக மீதியை ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில், சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். அந்த எண்ணை போனில் தடுத்துவிடுங்கள். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள்.