டீச்சர் பதில்கள்: அவனே குளிக்கட்டும்

சுங்கை சிப்புட் பக்கம் சமூக மறுவாழ்வு மையத்தில், அதாவது நாம் எல்லாரும் பி.டி.கே. என்று சொல்லும் இடத்தில், பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளின் விஷயம் என்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

"என் மகனுக்கு 19 வயது, டவுன் சிண்ட்ரோம். இடைநிலைப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு முடிந்துவிட்டது. இப்போது டிவி, சாப்பாடு, தூக்கம் என்றே பொழுது போகிறது. குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது எல்லாம் நான்தான். எனக்கோ முட்டி வலி. இனிமேல் இவனுக்கு என்ன வழி, டீச்சர்?"
*ஒரு தாய், சுங்கை சிப்புட்*

தங்கச்சி, அவன் எந்நேரமும் தூங்குவதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். குறைந்தால் உடம்பு கனக்கும், தூக்கம் தூக்கமாக வரும், எதிலும் மனம் போகாது. இரவில் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் கவனியுங்கள். அரசாங்க கிளினிக்கில் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கண்ணையும் காதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். மற்றது அப்புறம்.

இனி குளியலுக்கு வருகிறேன். வேலை வெட்டியைப் பற்றிக் கேட்டால் இவள் குளியலைப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். 19 வயது ஆண்பிள்ளை அம்மா கையால் குளிக்கும்வரை அவனை எந்த முதலாளியும் ஆளாக மதிக்க மாட்டார், அவனும் தன்னை ஆளாக நினைக்க மாட்டான். உங்கள் முட்டிக்கும் இதுதான் மருந்து.

குளிப்பது நமக்கு ஒரே வேலை. அவனுக்கு அது பத்துப் பன்னிரண்டு வேலை. சட்டையைக் கழற்ற வேண்டும், தண்ணீர் மொள்ள வேண்டும், தோளில் ஊற்ற வேண்டும், சோப்பு போட வேண்டும், அலச வேண்டும், துவட்ட வேண்டும், துண்டைக் காயப்போட வேண்டும். இதைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுங்கள். எல்லாவற்றையும் வழக்கம்போல நீங்களே செய்துவிட்டு, துண்டை ஆணியில் மாட்டுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அவன் மாட்டியதும் "முடிச்சிட்டே, சபாஷ்!" என்று சொல்லி வெளியே அனுப்புங்கள். அது பழகியதும் துவட்டுவதும் மாட்டுவதும் அவனுடையது. பிறகு அலசுவது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலிலிருந்து தொடங்கினால் பாதியில் களைத்து, மீதியை நீங்கள் முடித்து, தன்னால் ஆகவில்லை என்ற நினைப்போடு வெளியே வருவான். கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவன்தான்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குத் தசை இறுக்கம் குறைவு. சோப்பு வழுக்கிக்கொண்டே போனால் கோபம் வந்து எறிவான். ஒரு பழைய காலுறைக்குள் சோப்பைப் போட்டு முடிச்சுப் போடுங்கள், பிடியும் கிடைக்கும், தேய்க்கவும் வரும். கைப்பிடி வைத்த குவளை வாங்குங்கள். உதவும்போது முன்னால் நிற்காதீர்கள். பின்னால் நின்று அவன் முழங்கையை மட்டும் லேசாகத் தள்ளிவிடுங்கள், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பேச்சையும் குறையுங்கள். ஒரு சொல் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் மூளைக்கு அந்த நேரம் வேண்டும். நாம்தான் மூன்று எண்ணுவதற்குள் "டேய், சீக்கிரம்" என்று கையை நீட்டிவிடுகிறோம். காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் இது நடக்காது. சாயங்காலக் குளியலில் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது பி.டி.கே. 1984-ல் திரெங்கானுவில் பத்து ராக்கிட் என்ற ஊரில் தொடங்கிய திட்டம் இது. இன்று மலேசியா முழுக்க 500-க்கும் மேற்பட்ட மையங்கள் சமூகநல இலாகாவின் கீழ் நடக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரியவர்களும் சேரலாம். பயிற்சிக்கு வருபவருக்கு மாதாமாதம் ஒரு சிறு உதவித்தொகை உண்டு. தோட்டத்திலிருந்து வந்து போகும் செலவுக்கே அது சரியாகிவிடும் என்பீர்கள், உண்மைதான். மையத்தில் வேன் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

சேர்த்ததோடு உங்கள் வேலை முடியவில்லை. "இந்த மூன்று மாதத்தில் என் மகனுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத மையத்தில் அவன் டிவி பார்ப்பதற்குப் பதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். மைய நிர்வாகக் குழுவில் பெற்றோரும் உட்காரலாம், உட்காருங்கள். கூட்டத்தில் மலாய் பேச வேண்டியிருக்குமே என்று நம் தாய்மார்கள் ஒதுங்குவது எனக்கு எப்போதும் வருத்தம். தெரிந்த மலாய் போதும்.

வேலை என்று வரும்போது ஜாப் கோச் என்ற ஏற்பாடு இருக்கிறது. வேலையிடத்துக்கே ஒருவர் கூட வந்து, அவன் கற்றுக்கொள்ளும்வரை பக்கத்தில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார். சமூகநல இலாகாவில் கேளுங்கள். எங்களிடம் பயின்ற ஒரு தம்பி இன்று சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவி, துடைத்து, அளவு பார்த்து அடுக்குகிறார். அவர் எங்களிடம் முதலில் பழகியது சொந்தத் தட்டைக் கழுவி வைப்பதைத்தான்.

"பையனுக்கு நாலு வயது. 'அம்மா' தவிர பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை, சுற்றும் காற்றாடியையே பார்க்கிறான். பாலர் பள்ளி ஆசிரியை வீட்டில் தமிழை விட்டுவிட்டு மலாய் மட்டும் பேசச் சொல்கிறார். என் அம்மாவோ 'உங்கப்பனும் லேட்டாகத்தான் பேசினார்' என்கிறார். நான் செம்பனைக் குலை வெட்டுபவன். என்ன செய்வது?"
*ஒரு தகப்பன், கோலகங்சார்*

தம்பி, தமிழை விடாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளிடமும் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், இரண்டு மொழி அவர்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசப் போனால் "வா, போ, சாப்பிடு" என்ற கட்டளைகள்தான் மிஞ்சும். கொஞ்சலும் கதையும் பாட்டும் போய்விடும். அவனுக்கு இப்போது வேண்டியதே அவைதான்.

ஆனால் உங்கள் அம்மா சொல்வதுபோல் காத்திருக்கவும் வேண்டாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதல் காரியம் காது கேட்கும் பரிசோதனை. பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். 18 மாதத்திலும் 3 வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியல் ஒன்றை அங்கே நிரப்புவார்கள். உங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் எடுத்துக் காட்டிக் கேளுங்கள், ஆஸ்பத்திரி நிபுணருக்குக் கடிதமும் கேளுங்கள். ஈப்போவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போங்கள்.

முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கென்றே உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. 2 முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, ஒன்பது குழு வகுப்பு, மூன்று முறை வீட்டுக்கு வருகை. அதன் சாரம் எளிது: பிள்ளை எதைப் பார்க்கிறானோ அங்கே நீங்கள் போங்கள். அவனுக்குக் காற்றாடி பிடிக்கிறதா? அவன் முகத்துக்கு நேரே, அவன் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். காத்திருங்கள். அவன் உங்களைப் பார்த்தாலோ, உங்கள் கையைச் சுவிட்சுப் பக்கம் இழுத்தாலோ, அதுவே அவன் பேச்சு. உடனே "போடு!" என்று சொல்லிப் போடுங்கள். ஒரே ஒரு சொல் போதும். மறுபடி நிறுத்துங்கள். வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் இதைச் செய்ய முடியும், இல்லையா? அந்த நேரத்தில் கைப்பேசி யார் கையிலும் இருக்கக்கூடாது.

பள்ளி விஷயத்தில் பயப்படாதீர்கள். 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. சிறப்புக் கல்வி வகுப்பு சில தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கிறது.

"மகளுக்கு 12 வயது, புத்தி வளர்ச்சி குறைவு. போன மாதம் பெரியவளானாள். பேடைப் பிடுங்கி எறிகிறாள். சொந்தத்தில் ஒருவர் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார். சடங்கு செய்யலாமா என்றும் தெரியவில்லை."
*ஒரு தாய், தாப்பா*

அம்மா, கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சை இன்றோடு விடுங்கள். நோய் இல்லாத உறுப்பை, மற்றவர்களுக்குச் சிரமம் என்பதற்காக எடுப்பது நியாயமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, இவர்களும் மற்றவர்களைப்போல் தங்கள் கருவுறும் தன்மையைக் காத்துக்கொள்ள உரிமை உள்ளவர்கள் என்கிறது. மலேசியா அதை 2010-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் மனதில் இன்னொரு பயமும் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். யாராவது கெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். கர்ப்பப்பை இல்லாவிட்டால் கெடுப்பவன் நின்றுவிடுவானா? வெளியே தெரியாமல்தான் போகும்.

அவள் எறிவது அடத்தால் அல்ல, அந்த உரசல் அவளுக்குப் புதிது. மாதவிலக்கு இல்லாத நாட்களில் மெல்லிய பேடைக் கொஞ்ச நேரம் வைத்துப் பழக்குங்கள். உள்ளாடையில் பேட் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள், கோட்டுக்குள் ஒட்டுவது அவளுக்குப் புரியும். ஒரு பேடில் சமையல் சிவப்பு நிறத்தைச் சொட்டவிட்டு, "சிவப்பு, மாத்து" என்று மாற்றிக் காட்டுங்கள். நீங்கள் மாற்றும்போதும் ஒரு முறை பார்க்கட்டும். பழையதைச் சுருட்டித் தாளில் மடித்துக் குப்பைக் கூடையில் போடுவதிலிருந்து தொடங்கலாம்; முதல் கடிதத்துக்குச் சொன்ன அதே முறைதான்.

கூடவே இதையும் கற்றுக்கொடுங்கள்: உள்ளாடை மாற்றுவது கதவைச் சாத்தித்தான். அவளுக்கு உதவுகிறவர்கள் இன்னார் மட்டும்தான். வீட்டுக்கு வரும் மாமா, சித்தப்பா எல்லாருக்கும் முத்தம் கொடுக்கச் சொல்லாதீர்கள். கை கொடுத்து வணக்கம் சொல்லட்டும். "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள், வீட்டில் அவள் சொல்லும் சின்னச் சின்ன "வேண்டாம்"களுக்கு மதிப்புக் கொடுத்தால்தான் அது வரும். எங்கேயாவது சந்தேகம் தட்டினால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

சடங்கு? அவளுக்குப் பட்டுப்பாவாடையும் பூவும் பிடிக்கும் என்றால் வீட்டளவில் செய்யுங்கள். ஒலிபெருக்கியும் கூட்டமும் அவளை மிரட்டும் என்றால் வேண்டாம். படங்களை மட்டும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.

"என் அண்ணனுக்கு 31 வயது, அறிவுத்திறன் குறைபாடு. அப்பா தோட்டத்தில் வேலை, வயதாகிவிட்டது. எனக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. 'எங்களுக்கு அப்புறம் நீதான் பார்த்துக்கணும்' என்று அம்மா அழுகிறார். மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது?"
*ஒரு தங்கை, சிலிம் ரிவர்*

மகளே, மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடு, நிச்சயத்துக்கு முன்பே. அதைக் கேட்டு ஓடுகிறவர் ஓடட்டும்.

ஆனால் உன் கடிதத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், அண்ணன் மட்டும் பேசவில்லை. அவர் எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று யாராவது கேட்டீர்களா? இப்படிப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து தங்களுக்காகப் பேசும் யுனைடெட் வாய்ஸ் என்ற அமைப்பு நம் நாட்டில் இருக்கிறது. அப்படியிருக்க, வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது பெரிய காரியமில்லை. பேசத் தெரியாவிட்டால் படம் காட்டிக் கேள், கூட்டிப்போய்க் காட்டிக் கேள். மாமா வீட்டில் இப்போதே ஓரிரவு தங்கிப் பழகட்டும். அம்மா போன அன்றைக்கு முதல்முறையாக வேறு வீட்டில் படுக்க வைப்பது கொடுமை.

காசு விஷயத்தை அப்பா இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டியவர், தகுதிக் காலத்தை நிறைவு செய்து 60 வயதுக்கு முன் இறந்தாலோ, இயலாமை ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும்போது இறந்தாலோ, வாரிசுகளுக்கு ஓய்வூதியம் வரும். சாதாரணமாகப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு. தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அந்த வரம்பு இல்லை, 31 வயதானாலும் கேட்கலாம். இது தெரியாமல் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் கேட்காமலே விட்டிருக்கின்றன. ஊழியர் சேமநிதியில் அப்பா யார் பெயரைக் குறித்திருக்கிறார் என்று பாருங்கள். பெரிய தொகையோ வீடோ அண்ணன் பெயருக்கு வருவதானால், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்ற உத்தரவு வரை போக நேரலாம். அதற்கு முன்பே அமானா ராயா என்ற அரசாங்க அறங்காவல் நிறுவனத்தில் அறக்கட்டளை வைப்பதைப் பற்றி விசாரியுங்கள்.

அம்மாவை உட்கார வைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் அண்ணனைப் பற்றி எழுது. மருந்து, வேளை, பிடித்த சாப்பாடு, எதற்குப் பயப்படுவார், வலித்தால் எப்படிக் காட்டுவார் எல்லாமும். பல்வலி வந்தால் தலையில் அடித்துக்கொள்வார் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அப்பாவோடு சொக்சோ அலுவலகத்துக்குப் போகும்போது அண்ணனின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், ஓ.கே.யு. எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை மூன்றின் நகலையும் கொண்டுபோ. ஓ.கே.யு. அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால், அரசாங்க மருத்துவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கிச் சமூகநல இலாகாவில் பதிந்துவிட்டுப் போ. அதற்குக் கட்டணம் கிடையாது.