முறுக்கு வியாபாரம்: பதிவு செய்வதற்கு முன் தராசு வாங்குங்கள்

கேள்வி: சிங்கப்பூரில், ஈஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அலுவலக வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறில் முறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். போன தீபாவளிக்கு ஆர்டரைச் சமாளிக்க முடியவில்லை. கையில் 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேமிப்பு இருக்கிறது. "பிரைவேட் லிமிட்டெட் கம்பெனி ஆரம்பி, லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் சின்னதாக ஒரு கடை எடு" என்கிறார் அண்ணன். எதை முதலில் செய்வது?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தின் மேல் அண்ணனுக்கு இருக்கும் நம்பிக்கை நல்ல விஷயம். ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை அவர் முதலில் சொல்கிறார். கடை, கம்பெனி எல்லாம் இருக்கட்டும். ஒரு டப்பா முறுக்கு செய்ய உங்களுக்கு எவ்வளவு ஆகிறது? சிறு வியாபாரிகளின் கணக்கைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நன்றாகச் சமைக்கும் பலர் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தெரியாமல் நிற்கிறார்கள்.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு சனிக்கிழமை 3 கிலோ முறுக்கு சுடுகிறீர்கள். 250 கிராம் டப்பா 12 வரும். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், எண்ணெய் எல்லாம் சேர்த்து 22 வெள்ளி என்று வைப்போம். டப்பாவுக்கு 60 காசு வீதம் 7 வெள்ளி 20 காசு. கேஸ், மின்சாரத்துக்கு 3 வெள்ளி. மொத்தம் 32 வெள்ளி 20 காசு. டப்பா 6 வெள்ளிக்கு விற்றால் 72 வெள்ளி வரும், 40 வெள்ளி லாபம் போலத் தெரியும். ஆனால் உடைந்தது, ருசி பார்க்கக் கொடுத்தது என்று ஒரு டப்பா போய்விடும். மிச்சம் 34 வெள்ளிகூட இல்லை. மாவு பிசைவதிலிருந்து, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்று ஆளுக்கு ஆள் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்வரை ஐந்து மணி நேரம் என்றால், உங்கள் உழைப்புக்கு மணிக்கு 7 வெள்ளிக்கும் குறைவு.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். அதனால்தான் நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு நல்ல எடைத் தராசும் ஒரு நோட்டும் போதும். மூன்று மாதம், ஒவ்வொரு முறை அடுப்பு பற்ற வைக்கும்போதும் என்ன வாங்கினீர்கள், எத்தனை டப்பா வந்தது, எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதுங்கள். தீபாவளி ஆர்டரை மட்டும் நம்பக் கூடாது. அந்த மாதத்தில் யார் சுட்டாலும் விற்கும்; பிப்ரவரியில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கென்னவோ உங்கள் பருப்புப் பொடியில்தான் வியாபாரம் இருக்கிறது என்று தோன்றுகிறது. நாள்பட இருக்கும், உடையாது, வறுத்து அரைக்கும் நேரமும் குறைவு. அதிரசத்தைப் பண்டிகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாகு பதம் தப்பினால் அன்றைய உழைப்பே வீண்.

சரி, சட்டத்துக்கு வருவோம். வீவக வீட்டில் சிறிய அளவில் சமைத்து வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்க வீவகவிடமோ சிங்கப்பூர் உணவு அமைப்பிடமோ உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தான் வேலை செய்யலாம். வெளியே விளம்பரப் பலகை வைக்கக் கூடாது. பெரிய வணிகச் சாதனங்கள் கூடாது. புகை, வாடை, சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாகக் கூடாது. எண்ணெய் வாடை மேல் மாடியில் காயும் துணியில் போய் உட்காரும். அங்கிருந்துதான் புகார் கிளம்பும். சுடும் நாளை மேல் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு டப்பாவும் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரை இந்த வேலையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். டப்பாவில் போட்டு மூடுவதுகூட வேண்டாம். அவருடைய அனுமதி வீட்டு வேலைக்கு மட்டும்தான். மனிதவள அமைச்சின் விதியை மீறினால் பிரச்சினை உங்களுக்கு. அதேபோல், யாராவது கடைக்காரர் "வாரம் 50 டப்பா போடுங்கள்" என்று கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். கடைகளுக்குச் சப்ளை, கேட்டரிங் என்று போனால் உரிமம் பெற்ற சமையலிடம் வேண்டும்.

உரிமம் இல்லை என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சி ஒன்று எடுத்துவிடுங்கள். டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள். எள், கடலை, பால் பொருள் கட்டாயம் இருக்க வேண்டும். பலர் மறப்பது பெருங்காயத் தூள்: கடையில் விற்கும் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர் "அரிசி முறுக்குதானே" என்று நம்பிச் சாப்பிட்டுவிடுவார்.

பதிவு? அடையாள அட்டையில் இருக்கும் உங்கள் முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்தால் அக்ராவில் (தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு தேவையில்லை. "கிச்சன்", "ஸ்நாக்ஸ்" என்று ஒரு சொல் சேர்த்தாலும் பதிவு வேண்டும். சிங்பாஸ் மின்னடையாளம் வழியாக அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் செய்யலாம். தனிநபர் நிறுவனத்துக்குப் பெயர் விண்ணப்பம் 15 வெள்ளி, பதிவு ஓராண்டுக்கு 100 அல்லது மூன்றாண்டுக்கு 160 வெள்ளி. பிரைவேட் லிமிட்டெட் என்றால் பெயருக்கு 15, பதிவுக்கு 300. அதோடு முடியாது, ஆறு மாதத்துக்குள் ஒரு கம்பெனி செயலாளரை நியமிக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தனிநபர் நிறுவனத்தில் கடன் விழுந்தால் உங்கள் சொந்தச் சொத்துவரை வரும் என்பது உண்மை. ஆனால் கடனே வாங்காமல் முறுக்கு விற்கும் இப்போதைய நிலைக்குத் தனிநபர் நிறுவனமே போதும்.

அதற்கு முன் இப்போதைய வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளியே தொழில் செய்ய முன் அனுமதி வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு திறந்து, கைப்பேசி வழியாக வரும் பேநவ் பணமெல்லாம் அதில் விழும்படி செய்யுங்கள். ரசீதுகளை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். என்னிடம் ஒரு அம்மா ஒரு பிஸ்கட் டின் நிறைய ரசீது கொண்டுவந்தார். திறந்தால் பாதி வெறும் வெள்ளைத் தாள்! கடைகளில் கொடுக்கும் வெப்பத்தாள் சில மாதங்களில் மங்கிவிடும். வருமான வரிக்கோ ஐந்தாண்டு ஆவணம் வேண்டும். வரவு சிறியதானாலும் சம்பளத்தோடு சேர்த்து ஏப்ரல் 18க்குள் வரித் தாக்கலில் காட்டுங்கள். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவில் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கட்ட வேண்டியிருக்கும். ஜிஎஸ்டி உங்களுக்கு வெகு தூரம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் கட்டாயம்.

தேக்கா கடையை இப்போது மறந்துவிடுங்கள். முன்பணம், உரிமம், சமையலறை வேலை என்று போனால் 8,000 வெள்ளி முதல் முறுக்கு சுடுவதற்கு முன்பே கரைந்துவிடும். அதில் 1,500 வரை தொடுங்கள். மிச்சம் வங்கியிலேயே இருக்கட்டும். அண்ணன் வற்புறுத்தினால் அவரை ஒரு சனிக்கிழமை முழுக்க உங்களோடு அடுப்படியில் நிற்கச் சொல்லுங்கள், கணக்கும் அவரே எழுதட்டும்.

மூன்று மாதம் கழித்து, சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையின் எஸ்எம்இ (சிறு, நடுத்தர நிறுவன) மையத்தில் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், ஆலோசனை இலவசம். அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு டப்பாவுக்கு என்ன அடக்கம் என்றுதான் அவரும் முதலில் கேட்பார்.