ரோமின் தரை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மியூனிக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் ஐந்து நாள் விடுப்பில் ரோமுக்குப் போய்வந்தேன். புனித பேதுரு பேராலயத்துக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்துக்கும் வேண்டுமென்றே போகவில்லை. கூட்டமில்லாத பழைய தேவாலயங்களை மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்து சாந்தா பிரசேதே, சாந்தா சபீனா, சாந்தி குவாத்ரோ கொரோனாத்தி, அராசேலி என்று இருபத்து மூன்று ஆலயங்களுக்குள் நுழைந்தேன். ஏறத்தாழ 1,800 படங்கள் எடுத்தேன். அவற்றில் நாற்பதைத் தேர்ந்து இணைத்திருக்கிறேன்.

ஓர் ஆலயத்தில் டிரைபாடை விரித்ததும் ஒரு முதியவர் திட்டி வெளியே அனுப்பினார். சான் கிளமெந்தேயின் நிலத்தடியில் படமெடுக்கவே தடை. பிரசேதேயில் விளக்கெரியக் காசு போடும் பெட்டி வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் நியாயம்தானா? கிறித்தவன் அல்லாத நான் இப்படிப் போய்ப் படமெடுப்பது சரியா என்ற உறுத்தலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்கள் அனைத்தும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எது எந்த ஆலயம் என்று எனக்கே குழம்புகிறது. இது லென்ஸின் குறையா, என் குறையா? ஏப்ரலில் மறுபடி போகிறேன். எந்த லென்ஸை எடுத்துப்போகலாம்?

செ., மியூனிக்

*

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் டைல்ஸ் ஒட்டுபவர் ஒருவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, பழைய தரையை உடைக்க வேண்டியதில்லை, அதன் மேலேயே ஒட்டிவிடலாம், இரண்டு நாள் வேலைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காவி கலந்து தேய்த்த பழைய சிமெண்டுத் தரை அது. என் அம்மா ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த தரை. டைல்ஸ்காரருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வந்து உட்கார்ந்து உங்கள் நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கூரை இருக்கிறது, குவிமாடம் இருக்கிறது, பீடத்துக்கு மேலே சின்னச் சின்ன நிறத்துண்டுகளைப் பதித்துச் செய்த தங்க மொசைக் ஓவியம் இருக்கிறது, தூண்களின் தலைகள் இருக்கின்றன. தரை ஒரு படத்தில்கூட இல்லை. கீழ்விளிம்பில் தப்பித்தவறி வந்துவிட்ட தரையையும் வெட்டி எறிந்திருக்கிறீர்கள் என்பது படங்களின் அளவைப் பார்த்தாலே தெரிகிறது. இருபத்து மூன்று ஆலயங்களில் ஐந்து நாள் நடந்த ஒருவர் எதன்மேல் நடந்தோம் என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

மற்றக் கேள்விகளுக்கு எனக்குப் பொறுமை குறைவு. தடை என்றால் தடைதான். அது அவர்கள் வழிபடும் இடம், உங்கள் ஸ்டுடியோ அல்ல. விளக்குப் பெட்டியில் போடும் காசு நீங்கள் நின்றுகொண்டு குடிக்கும் ஒரு காபியின் விலைகூட இராது. பிரசேதேயில் தெயொதோராவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சதுரமாக இருப்பதைப் பழுதுபார்த்தவர்களின் பிழை என்று படக்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். படம் செய்தபோது உயிரோடு இருந்தவருக்குச் சதுரம் போடுவது அக்கால வழக்கம். 817 முதல் 824 வரை போப்பாண்டவராக இருந்த முதலாம் பாஸ்கல் தன் தாயை அப்படி வைத்தார். கிறித்தவர் அல்லாதவர் போகலாமா என்று கேட்பதில் இருக்கும் கூச்சம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பூசை நடக்கும்போது பின்வரிசையில் உட்காரத் தெரிந்த எவரும் அங்கே போகலாம்.

உங்கள் பதினேழாம் படத்துக்கு வருகிறேன். அராசேலியில் சுவரோரமாக நிற்கும் கல்லறைப் பலகையை எடுத்து, "முகம் சிதைந்த சிலை, பராமரிப்பு மோசம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஜொவான்னி கிரிவெல்லி என்ற திருச்சபை அதிகாரியின் கல்லறை மூடி. அவர் இறந்தது 1432இல். செதுக்கியவர் தொனாத்தெல்லோ, தன் பெயரையும் அதிலேயே பொறித்திருக்கிறார். அந்தக் கல் தரையில் பதிந்து கிடந்தது. மூக்கையும் கண்களையும் அங்கி மடிப்புகளையும் தேய்த்து எடுத்தவை நூற்றாண்டுக் கணக்கில் அதன்மேல் நடந்தவர்களின் கால்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பெயர்த்துச் சுவரில் சாய்த்தார்கள். உலகின் தலைசிறந்த சிற்பிகளில் ஒருவர் மிதிபடப்போகும் இடத்தில் ஒரு முகத்தைச் செய்து வைத்தார் என்பதை யோசித்துப் பார்க்காமல் பராமரிப்புக்கு மதிப்பெண் போட உட்கார்ந்துவிட்டீர்கள். சாந்தா சபீனாவிலும் இதே கதைதான். ஐந்தாம் நூற்றாண்டு மரக்கதவை ஆறு கோணங்களில் எடுத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. உள்ளே நடுக்கூடத்தின் தரையில் 1300இல் இறந்த முன்யோஸ் தே சமோரா என்ற தொமினிக்கன் சபைத் தலைவரின் உருவம் மொசைக்கில் பதிந்து கிடக்கிறது. கல்லறைப் பலகையை மொசைக்கில் செய்வது மிக அரிது. உங்கள் இருபத்திரண்டாம் படத்தை எடுக்க நீங்கள் அதன் மேலோ அதற்கு இரண்டடி தள்ளியோதான் நின்றிருக்க வேண்டும்.

இனி குவாத்ரோ கொரோனாத்தி. நான் எழுத நினைத்ததே இதைப் பற்றித்தான்.

கொலோசியத்திலிருந்து லாத்தரன் பேராலயத்துக்குப் போகும் வழியில், செலியோ குன்றின் சரிவில், ஒரு கோட்டையைப் போல நிற்கும் ஆலயம் அது. பெயருக்கு "முடிசூடிய நால்வர்" என்று பொருள். நால்வர் யார் என்பதில் பழங்கதைகளுக்குள்ளேயே குழப்பம் உண்டு. ஒரு கதையில் நான்கு படைவீரர்கள். இன்னொன்றில் ரோமப் பேரரசின் பன்னோனியா மாகாணத்துக் கற்சுரங்கங்களில் வேலை செய்த ஐந்து சிற்பிகள், தியோக்லேதியன் பேரரசனுக்காக ஒரு தெய்வச் சிலையைச் செதுக்க மறுத்துக் கொல்லப்பட்டவர்கள். இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எண்ணிக்கை எப்படியானாலும் கல் வேலைக்காரர்கள் அவர்களையே தங்கள் பாதுகாவலராகக் கொண்டார்கள். கல்லுளியின் புனிதர்களுக்கான கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1084இல் நார்மானியப் படைகள் ரோமைச் சூறையாடியபோது அந்தக் கோயில் எரிந்தது. போப்பாண்டவர் இரண்டாம் பாஸ்கல் அதைத் திரும்பக் கட்டினார். 1116இல் மறுபடி அர்ச்சிக்கப்பட்டது. முன்பிருந்த அளவுக்குக் கட்ட முடியவில்லை. பழைய கூடத்தின் முன்பகுதி முற்றமாகிவிட்டது, அதன் தூண்கள் இன்றும் முற்றத்துச் சுவருக்குள் புதைந்து நிற்கின்றன. ஆனால் பீடத்துக்குப் பின்னாலுள்ள அரைவட்டம் மட்டும் பழைய பெரிய கோயிலுடையது. ஆகவே உள்ளே நுழைந்ததும் சின்ன வீட்டுக்குப் பெரிய கதவு வைத்ததைப் போல ஒரு பொருத்தமின்மை கண்ணில் படும். உங்கள் படத்தில் அது வைட் ஆங்கிள் லென்ஸின் கோணலைப் போலத் தெரிகிறது, நீங்களும் அதை மென்பொருளில் சரிசெய்திருக்கிறீர்கள். ஒரு படையெடுப்பின் தடயத்தை அல்லவா சரிசெய்துவிட்டீர்கள்!

அந்தப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயிலின் தரை கொஸ்மாத்தி வகையைச் சேர்ந்தது. கொஸ்மா என்பது அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த ரோமானியக் கல்தச்சர் குடும்பங்கள் ஒன்றில் வழங்கிய பெயர். வெள்ளைச் சலவைக்கல் பட்டைகள் பின்னலாக வளைந்து வளைந்து ஓடும். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு வட்டக் கல், ஈரல் நிறச் சிவப்பிலோ கரும்பச்சையிலோ. சிவப்பு போர்ஃபிரி. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ரோமப் பேரரசர்கள் வெட்டியெடுத்த கல் அது; ஐந்தாம் நூற்றாண்டு வாக்கிலேயே அங்கே வேலை நின்றுவிட்டது. பச்சை, கிரேக்கத்தில் ஸ்பார்ட்டாவுக்கு அருகிலிருந்து வந்தது. அப்படியானால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ரோமின் கல்தச்சருக்கு அவை எங்கே கிடைத்தன? இடிந்து கிடந்த நகரத்தில்தான். விழுந்து கிடந்த தூண்களை, நாம் வாழைத்தண்டை அரிவதைப் போல வட்டம் வட்டமாக அரிந்து எடுத்தார்கள். உங்கள் காலடியில் கிடந்த ஒவ்வொரு வட்டமும் ஏதோ ஓர் அரண்மனையின், ஏதோ ஒரு கோயிலின் தூணிலிருந்து அரிந்த வில்லை. அவற்றுக்கிடையே நிரப்புவதற்கு நிலத்தடிக் கல்லறைகளின் வாயை மூடியிருந்த சலவைக்கல் பலகைகளையும் உடைத்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்துகள் சில நேராக, சில பக்கவாட்டில், சில தலைகீழாக. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி செய்தவர்கள் கல்வெட்டுத் துண்டுகளைப் படிக்கட்டில் மாற்றிப் பதித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இவ்வளவையும் நான் புத்தகத்தில் பிற்பாடு படித்தேன். எனக்கு முதலில் சொன்னவர் அம்மா.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம் அவரை ரோமுக்கு அழைத்துப்போனேன். எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. அங்கே யாரும் சர்ச் என்று சொல்வதில்லை, கோயில்தான். கோயிலுக்குள் செருப்போடு போவதும் இல்லை. ரோமில் ஒருவரும் கழற்றுவதில்லை என்று எவ்வளவோ சொல்லியும் அம்மா கேட்கவில்லை. ஒவ்வொரு கோயில் வாசலிலும் காலணியைக் கழற்றி, காலுறையையும் சுருட்டி அதற்குள் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவார். எனக்கு எரிச்சலாக இருந்தது. சளி பிடிக்கும் என்று சத்தம் போட்டேன். உண்மையில் மற்றவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்தான்.

குவாத்ரோ கொரோனாத்திக்குள் நாங்கள் போனபோது ஒரு பெண் வாளியும் மாப்புமாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்காத பக்கம் முழுவதும் சாம்பல் பூசியதைப் போல மங்கிக் கிடந்தது. துடைத்த பக்கத்தில் ஈரம் பட்டதும் கல்லின் நிறம் எழுந்து வந்திருந்தது. சிவப்பு அப்போதுதான் அறுத்ததைப் போல, பச்சைக்குள் வெளிர்ப் புள்ளிகள் மிதப்பதைப் போல. நான் அதைக் கவனித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கவனிக்கவில்லை. அரைவட்டத்தின் ஓவியத்துக்குக் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அம்மா ஈரத்தின் மேல் நடந்துபோய் நடுவில் நின்று, பாதத்தை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏல, செவப்புக் கல்லெல்லாம் முட்டிக்கிட்டு நிக்கு. வெள்ளைக் கல்லுதான் குழிஞ்சு போயிருக்கு. ஒனக்குத் தெரியலியா?"

எனக்கு எப்படித் தெரியும்? தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ போட்டிருந்தேன். போர்ஃபிரி சலவைக்கல்லைவிடப் பல மடங்கு கடினமானது. ஒன்பது நூற்றாண்டுகளாக ஒரே கால்கள் இரண்டின் மேலும் நடந்தும் வெள்ளை தேய்ந்து தாழ்ந்துவிட்டது, சிவப்பு தன் இடத்திலேயே நிற்கிறது. நூலளவு வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குச் சுத்தமாகத் தெரியாது. வெறும் பாதத்துக்குத் தெரியும்.

பிறகு அம்மா எழுத்துகளைப் பார்த்துவிட்டார். துடைத்துக்கொண்டிருந்த பெண் ஒரு மூலையை மாப்பின் கம்பால் சுட்டிக் காட்டினார். தலைகீழாகப் பதிந்த ஒரு துண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்க, நான் கழுத்தைத் திருப்பி இரண்டு சொற்களை மட்டும் படித்து, "சமாதானத்தில்" என்று இருக்கிறது, யாருடையதோ கல்லறைக் கல் என்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு அம்மா எழுத்துள்ள எந்தக் கல்லையும் மிதிக்கவில்லை. "ஆரு பேரு எழுதியிருக்கோ, மிதிக்கக் கூடாதுல" என்று சொல்லிக்கொண்டே, சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் போனார். முப்பது எட்டில் கடக்கக்கூடிய கூடத்தைக் கடக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பெண் மாப்பை நிறுத்திவிட்டு அம்மா போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அம்மா, கொஞ்சம் சீக்கிரம் தள்ளுங்க, படத்துல விழுறீங்க" என்றேன். அவர் விலகும்வரை காத்திருந்து ஓவியத்தைத் துல்லியமாக எடுத்தேன். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதைவிட நல்ல படங்கள் எந்தக் கலைப் புத்தகத்திலும் கிடைக்கும்.

ஆகவே உங்களைத் திட்டும்போது நான் யாரைத் திட்டுகிறேன் என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். டைல்ஸ்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கூடத்தில் அம்மா தையல் மிஷின் போட்டிருந்த இடத்தில், மிதிபலகைக்கு முன்னால், தரை லேசாகக் குழிந்திருக்கிறது. அதை அவர் "பள்ளம், லெவல் பண்ணிடலாம் சார்" என்றார்.

ஏப்ரலில் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குவாத்ரோ கொரோனாத்திக்கு வேலைநாளில் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் சாத்திவிடுவார்கள். அங்கேயே உள்ள சில்வெஸ்டர் சிற்றாலயத்தின் 1246ஆம் ஆண்டு ஓவியங்களை ஏற்கெனவே பதினொரு படங்கள் எடுத்துவிட்டீர்கள், மறுபடி வேண்டாம். லென்ஸ் எதுவானாலும் சரி. நடுக்கூடத்தில் கேமராவைத் தரையிலேயே வைத்து, வாசலிலிருந்து பீடம்வரை வரிசையாக ஓடும் வட்டங்களை எடுத்து எனக்கு அனுப்புங்கள். நாற்காலிக் கால்களோ யாருடைய பாதமோ விழுந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

அன்புடன்.