ட்ரைமரன் என்றால் என்ன? திருகோணமலையில் அதைக் குடும்பத்தோடு ஓட்ட எது நல்ல காலம்?

நடுவில் ஒரு பெரிய உடல், இரண்டு பக்கமும் மெலிந்த மிதவைகள். மூன்றையும் சேர்த்துக் கட்டிய பாய்ப்படகுதான் ட்ரைமரன். பெயரில் உள்ள ‘மரன்’ நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒற்றை உடல் பாய்ப்படகுகள் பெரும்பாலும் அடியில் ஈயமோ இரும்போ சுமந்துதான் நிமிர்ந்து நிற்கின்றன. இதற்கு அந்தப் பாரம் வேண்டாம். காற்று பாயைத் தள்ளும்போது, சாயும் பக்கத்து மிதவை தண்ணீரில் அமிழ்கிறது. தண்ணீர் அதைத் திருப்பி மேலே தள்ளுகிறது. ஓடும் பஸ்ஸில் காலை அகட்டி நிற்கிறோமே, அதே கதைதான். அடிப்பாரம் இல்லாததால் ஆழம் குறைந்த இடத்திலும் மிதக்கும். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளுக்குக் கிட்ட வரலாம்.

சரி, காலம்? மே முதல் செப்டம்பர் வரை. கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால் கரையோரம் பெரிய அலை எழாது. ஆனால் அதே காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளும், கவனம். நவம்பரில் வாடைக்காற்றும் மழையும் வந்தால் படகை உள்துறைமுகத்தில் கட்டிவிடுங்கள்.

மூன்று உடல் இருந்தால் கவிழவே கவிழாது என்று பலர் நம்புகிறார்கள். அரிதாகக் கவிழும், கவிழ்ந்தால் தானாக நிமிராது; அதனால் காற்று ஏறுமுன்பே பாயைச் சுருக்குங்கள்.