எல்ஈசி வளர்ப்பு: பீடோங் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. திசுவில் சேரும் நீரை வடித்து ரத்தத்துக்குத் திருப்பும் குழாய்தான் நிணநாளம். அதன் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்லை, ஆய்வகத்தில் சொல்வதுபோல் எல்ஈசி (LEC) என்றே எழுதுகிறேன்.

ஆறாம் படிவ உயிரியல் ஆசிரியை: ரத்தக்குழாயின் உட்செல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், அக்கா?

பிறந்த இடம் ஒன்றுதான், டீச்சர். கருவில் கார்டினல் சிரை என்ற பெரிய சிரையின் சுவரிலுள்ள சில செல்களில் ப்ராக்ஸ்1 மரபணு வேலை செய்யத் தொடங்கும். அவை வெஜ்எஃப்-சி புரதம் சுரக்கும் பக்கம் நகர்ந்துபோய் நிணப்பைகளாகும். நிணநாளம் சிரையிலிருந்து முளைக்கிறது என்று பன்றிக் கருக்களை ஆராய்ந்து ஃப்ளாரன்ஸ் சேபின் 1902இல் சொன்னார். ப்ராக்ஸ்1இன் பங்கு வெளிவந்தது 1999இல்.

வகுப்பில் சொல்ல நல்ல விஷயம் ஒன்று உண்டு. தொடக்க நிணநாளத்தில், அதாவது திசுவுக்குள் குழாய் தொடங்கும் இடத்தில், செல்களின் ஓரம் முழுதும் ஒட்டியிருக்காது. சட்டைப் பொத்தான் மாதிரி இடம் விட்டு இடம் பிடித்திருக்கும். ஓரங்களிலிருந்து நுண்ணிய இழைகள் சுற்றியுள்ள திசுவோடு கட்டப்பட்டிருக்கும். திசுவில் நீர் கோத்தால் இழை இழுபட்டு இடைவெளி திறக்கும், நீர் உள்ளே போகும். வெளி அழுத்தம் கூடினால் குழாய் நசுங்கத்தானே வேண்டும் என்று மாணவர் கேட்டால் பதில் இதுதான்.

முதுகலை மாணவி: தோலிலிருந்து எல்ஈசி பிரிக்கிறேன். செல்லின் மேற்பரப்பிலுள்ள போடோப்ளானின் புரதத்தை வைத்துத்தான் பொறுக்குகிறேன். இரண்டு வாரத்தில் தட்டு முழுக்க ஃபைப்ரோபிளாஸ்ட்!

கோளாறு போடோப்ளானினில்தான் இருக்கிறது, தங்கச்சி. அது எல்ஈசிக்கு மட்டும் சொந்தமில்லை. ஃபைப்ரோபிளாஸ்டிலும் (இணைப்புத்திசுச் செல்) கெரட்டினோசைட்டிலும் (மேல்தோல் செல்) உண்டு. முதலில் எல்லா எண்டோதீலியச் செல்லிலும் இருக்கும் சிடி31 புரதத்தைப் பிடிக்கும் காந்தமணி கொண்டு எண்டோதீலியம் முழுவதையும் எடுங்கள். அதைக் கொஞ்சம் பெருக்கிய பிறகு போடோப்ளானினால் இரண்டாகப் பிரித்தெடுங்கள். வரிசை மாறினால் ஃபைப்ரோபிளாஸ்ட் கூடவே வரும். அது வேகமாகப் பெருகி மற்றதை அமுக்கிவிடும்.

திசுவுக்கு நெறிமுறைக் குழு அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் கையில் இருக்கட்டும். மேல்நாட்டு நெறிமுறைகளில் பிறந்த குழந்தையின் நுனித்தோல் என்று இருக்கும். இங்கே சுன்னத் பெரும்பாலும் பள்ளி வயதில், விடுமுறையில் நடக்கிறது. அந்தத் தோல் தடிப்பு, நொதிக்குச் சற்றுக் கூடுதல் நேரம் கேட்கும். குளிர்ந்த மீடியத்தில் (வளர்ப்புத் திரவம்), நுண்ணுயிர்க்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் சேர்த்து 24 மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்.

கொழுப்பைச் சீவி 5 மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டி, டிஸ்பேஸ் நொதியில் 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் இடுக்கியால் தொட்டால் மேல்தோல் ஒரே தாளாக உரிந்து வர வேண்டும். பிய்ந்து பிய்ந்து வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுச் சுரண்டினால் கெரட்டினோசைட் உள்ளே வரும். உள்தோலைப் பொடியாக நறுக்கி, மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் கொலாஜனேஸ் நொதியில் 37 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம். 70 மைக்ரான் வடிகட்டி, 300 ஜியில் 5 நிமிடச் சுழற்சி, பிறகு செல் ஒட்ட ஃபைப்ரோனெக்டின் புரதம் பூசிய தட்டு. காந்தமணியோடு சேர்த்து வைக்கும்போது 4 டிகிரியிலேயே சுழற்றுங்கள். அறைச் சூட்டில் வைத்தால் மணியைச் செல் விழுங்கிவிடும்.

ஆய்வக உதவியாளர்: வாங்கிய செல் நன்றாகத்தான் வளர்கிறது, ஆனால் எல்ஈசியின் அடையாளப் புரதமான லைவ்-1க்குப் போடும் சாயம் மங்கிவிட்டது. செத்த சரக்கா?

அவசியமில்லை, தம்பி. டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதம் பட்டாலோ பல பாஸேஜ் (பிரித்துப் புதுத் தட்டில் வளர்க்கும் சுற்று) ஓடினாலோ லைவ்-1 இறங்கும். சில மேக்ரோஃபேஜ்களிலும் (நோயெதிர்ப்புச் செல்கள்) அது இருப்பதால், ஏறியிருந்தாலும் அது மட்டும் சாட்சியாகாது. செல்லின் உட்கருவுக்குள் ப்ராக்ஸ்1 புரதம் நிற்கிறதா பாருங்கள். எலியில் ப்ராக்ஸ்1ஐ அணைத்தால் வளர்ந்த நிணநாளச் செல்லும் ரத்தக்குழாய்க் குணத்துக்குத் திரும்புகிறது என்று 2008இல் காட்டினார்கள். அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய செல் இது. என் கணக்கில் சிடி31, ப்ராக்ஸ்1, போடோப்ளானின் மூன்றும் ஒரே செல்லில் தெரியாவிட்டால் எல்ஈசி என்று லேபிள் ஒட்டக்கூடாது.

சதுர சென்டிமீட்டருக்கு 5,000 செல் விதைத்து, தட்டு 80 விழுக்காடு நிரம்பியதும் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். முழுதாக நிரம்ப விட்டால் அடுத்த தடவை சோம்பும். செல்லைத் தட்டிலிருந்து கழற்ற நீர்த்த ட்ரிப்சின் நொதி, 0.025 விழுக்காடு போதும். ஆறாவது பாஸேஜுக்குள் சோதனையை முடிப்பது நல்லது.

இளநிலை மாணவர்: மேட்ரிஜெல் என்ற புரத ஜெல் மேல் செல்லை விதைத்தால் குழாய் வலை வரவே மாட்டேங்குது, அக்கா.

ஜெல் எப்படி உருகியது? 4 டிகிரியில் ஐஸுக்குள் புதைத்து இரவு முழுக்க உருக வேண்டும். 10 டிகிரி தாண்டினாலே கட்டத் தொடங்கும், நம் ஊர் மேசைச் சூட்டில் பிப்பெட் முனையிலேயே கட்டிவிடும். முனையும் தட்டும் ஃப்ரீஸரில் குளிர்ந்திருக்கட்டும். 96 குழித் தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் ஜெல், 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு 15,000 செல். 4 முதல் 8 மணி நேரத்துக்குள் படம் எடுங்கள். மறுநாள் வந்து பார்த்தால் வலை அறுந்திருக்கும். குழாய் வந்ததாலேயே எல்ஈசி ஆகிவிடாது, ஃபைப்ரோபிளாஸ்டும் அங்கே வலை பின்னும்.

வெஜ்எஃப்-சி சேர்ப்பதானால் ஒன்று கவனியுங்கள். முதிர்ந்த வடிவம் செல்லின் மேலுள்ள வெஜ்எஃப் ஏற்பி-3ஐ மட்டுமல்ல, ஏற்பி-2ஐயும் தூண்டும். ஏற்பி-3 வழியைத் தனியாகப் பார்க்க சி156எஸ் என்ற திரிபு வடிவம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்): அந்தக் காலத்தில் பார்த்த யானைக்கால், புழு அடைத்ததால் வந்ததுதானே?

அடைப்பு மட்டும் காரணமில்லை, ஐயா. உயிருள்ள புழு இருக்கும்போதே நாளம் விரிந்து, வால்வுகள் பொருந்தாமல் போகும். புழு செத்தால் அழற்சி. அதற்கு மேல், விரலிடுக்கு வெடிப்பு வழியே பாக்டீரியா நுழைந்து திரும்பத் திரும்பக் காய்ச்சலும் வீக்கமும் வரும். காலைத் தடிக்க வைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். தினமும் சோப்பு போட்டுக் கழுவி விரலிடுக்கைத் துடைக்கச் சொல்வது அதனால்தான். இங்கே முக்கியமான புழு புருகியா மலேயி. அது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் தாக்கும். அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் லார்வாக்கள் நீர்ச்செடி வேரில் குத்தி மூச்சு விடுபவை, அதனால்தான் சதுப்போரம் நோய் கூடுதல்.

ஆய்வக உதவியாளர் மறுபடி: சாயங்கால இடியில் கரண்ட் போனால்?

இன்குபேட்டர் கதவைத் திறக்காதீர்கள். நீண்டுபோனால், துளை மூடியுள்ள ஃபிளாஸ்க்குகளுக்கு அடைப்பு மூடி போட்டு, பிஎச்சை (அமிலத்தன்மை அளவை) நிலையாக வைக்கும் ஹெப்பஸ் 20 மில்லிமோலார் உள்ள மீடியத்துக்கு மாற்றுங்கள். கார்பன் டை ஆக்சைடு இல்லாமலும் சில மணி நேரம் பிஎச் தாங்கும். கரண்ட் வந்த பிறகு தண்ணீர்த் தட்டை மாற்றிவிடுங்கள், பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான்.